பதினோரு நாள் மூத்தவன்

"இருபத்திரண்டு கட்டத்தையும் உங்களை யாரு நிரப்பச் சொன்னது?"

"காலியா விட்டா நல்லா இருக்காதேன்னுதான்..."

"இது என்ன பல்லா, ஓட்டை தெரிஞ்சா உடனே அடைக்கிறதுக்கு?"

கேட்டவள் மனைவி, மாட்டிக்கொண்டவர் பல் டாக்டர். காலை ஒன்பது மணி. கிளினிக்கின் முன்னறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நான்கு பேரும் வலியை மறந்து சுவர்ப்பக்கம் சாய்ந்தார்கள். டாக்டருக்கு வீடும் கிளினிக்கும் ஒரே கட்டடம். முன்னறைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தத் தடுப்பின் புண்ணியத்தில், அந்தக் குடும்பத்தில் நடப்பது எதுவும் எங்கள் தெருவுக்குத் தாமதமாகத் தெரிந்ததில்லை.

டாக்டரின் மனைவி விமானி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். சட்டைத் தோளில் இரண்டே பட்டை; கேப்டன் என்றால் நான்கு வேண்டும். ஆனாலும் தெரு அவளைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடும். கொடுக்கிற பட்டத்தை முழுதாகக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

சண்டை எதற்கு என்று புரிய வேண்டுமானால் கம்பெனியின் விதி தெரிய வேண்டும். புதிதாகச் சேர்ந்த விமானிக்கு எந்த விமானம், எந்த ஊர் என்பதை அங்கே யாரும் முகம் பார்த்துக் கொடுப்பதில்லை. எல்லாம் வரிசை எண். முதலில் சேர்ந்தவர் முதலில். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவர் முதலில். கேப்டன்தான் அவள் பயிற்சி வகுப்பிலேயே இளையவள். அதற்குப் பிறகு கம்பெனி யாரையும் எடுக்கவும் இல்லை. ஆக, கம்பெனியின் கடைசி எண் அவளுடையது: ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மற்றவர்கள் பொறுக்கியதுபோக மிச்சம் இருந்தது மலையூர்த் தளமும், மூக்கில் விசிறி சுற்றும் சின்ன விமானமும். மாதத்தில் பதினெட்டு நாள் அங்கே, ஆறு விமானிகள் சேர்ந்து எடுத்த வீட்டில் ஓர் அறை. மீதி நாளில், ஏதாவது விமானத்தில் இடம் காலி இருந்தால் தொற்றிக்கொண்டு வீடு.

ஊர் மாறவும் விமானம் மாறவும் ஒரே வழி விருப்பப் பட்டியல். கம்ப்யூட்டரில் இருபத்திரண்டு கட்டம் இருக்கும். ரொம்ப வேண்டியதை முதலில் எழுதி, அடுத்து வேண்டியதை அடுத்து எழுதி, வேண்டாதது வரும்போது கையை எடுத்துவிட வேண்டும். மாதாமாதம் முதல் தேதி நண்பகலில் கம்ப்யூட்டர் வரிசையின் தலையிலிருந்து இறங்கி வந்து, அவரவர் எழுதியதில் கிடைப்பதைக் கொடுத்துவிடும். யார் எதை எழுதினார்கள் என்பது அதுவரை பரம ரகசியம்.

போன மாதம் பட்டியல் மூடும் நேரத்தில் கேப்டன் மலையூரில் அவசரமாக விமானம் ஏறப் போய்க்கொண்டிருந்தாள். டாக்டருக்கு போன் செய்து, முதல் கட்டத்தில் நம்ம ஊர், சின்ன ஜெட் என்று போட்டுவிடுங்கள் என்றாள். அதோடு விட்டுவிடுங்கள் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

டாக்டர் ஒழுங்கான மனிதர். பல் பிடுங்க வருகிறவரின் படிவத்தில் தாத்தாவுக்குச் சர்க்கரை உண்டா என்ற கேள்வியைக்கூடக் காலியாக விட மாட்டார். முதல் கட்டத்தில் நம்ம ஊரைப் போட்டார். மிச்சம் இருபத்தொன்றையும் கம்பெனியின் மற்ற தளங்களைக் கொண்டு அழகாக நிரப்பினார். கேப்டனின் எண் வரும்போது நம்ம ஊரில் இடம் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்து, யாருக்குமே வேண்டாத ஒன்றை அவள் கையில் கொடுத்தது: தீவுத் தளம், பெரிய விமானம்.

வீட்டுக்கு வர மூன்று விமானம் மாற வேண்டும். காற்று பலமாக அடித்தால் அதுவும் இல்லை. பெரிய விமானத்துக்கு ஒருவரைப் பழக்குவது கம்பெனிக்குப் பெரும்பாடு என்பதால், ஏறிவிட்டால் இரண்டு வருஷம் இறங்க முடியாது.

விவரத்தை அரைகுறையாகக் கேட்ட மாடிவீட்டுக்காரர் அன்று மாலையே வந்து கை குலுக்கினார். எட்டே மாதத்தில் பெரிய விமானமாமே என்று அவர் மகிழ, டாக்டர் நன்றி சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், நாலு வயது, அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டியவள். அவள் கதவோரம் நிமிர்ந்து நின்று அப்பாவிடம் கேட்டாள்: "ரெண்டு வருஷம் கழிச்சு நான் எவ்ளோ உயரம் இருப்பேன்?"

டாக்டர் அவள் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டார்.

தப்பிக்க ஒரு சந்து இருந்தது. பயிற்சி தொடங்குவதற்குள் அடுத்த பட்டியலில் வேறு இடம் கிடைத்தால் தீவு தானாக உதிர்ந்துவிடும். அடுத்த முதல் தேதிக்கு நம்ம ஊர் சின்ன ஜெட்டில் ஓர் இடம் வருகிறது. மேலே இருப்பவர்கள் அவரவர் ஊரில் செட்டிலாகிவிட்டார்கள். போட்டி ஒரே ஒருவன், ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று. அதே வகுப்பு, கேப்டனைவிடப் பதினோரு நாள் மூத்தவன். இந்த ஊர்தான் வேண்டும் என்று பயிற்சி நாட்களிலேயே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்குப் பெயர் 'பதினோரு நாள்'.

"உங்க அம்மா உன்னை ஒரு பன்னிரண்டு நாள் முன்னாடி பெத்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

மனைவியின் போனில் மறுமுனையில் இருந்த மாமியார் விடவில்லை. "டாக்டர் குறிச்ச தேதியிலதான், மாப்பிள்ளை, பெத்தேன். டாக்டருங்க பேச்சைக் கேட்டது தப்புன்னு இப்பதான் தெரியுது."

கேப்டன் மலையூருக்குத் திரும்பிப் போன மூன்றாம் நாள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் வகுப்புக்காரன் ஒருவன் பல்வலியில் துடிக்கிறானாம், அந்தப் பக்கம் வருகிறான், நன்றாகப் பாருங்கள் என்று. யார் அது என்று டாக்டர் கேட்டார். அவன்தான், பதினோரு நாள் என்று பதில் வந்தது.

வாய்ப்பு தானே வந்து நாற்காலியில் சாய்ந்தது. இவனுக்குப் பறக்கத் தகுதியில்லை என்று ஒரு சீட்டு எழுதலாமா என்ற எண்ணம் ஒரு கணம் வந்ததாக டாக்டரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். கை ஒப்பவில்லை. அந்தப் பல்லுக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் வாய்க்கு என்ன கேடு? ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி அவன் மனசை மாற்றலாமே.

"இந்த ஊர் தண்ணி இருக்கே தம்பி, அது பல்லுக்கு எமன்" என்று ஆரம்பித்தார்.

பதினோரு நாள் திறந்த வாயோடு ஏதோ சொல்ல முயன்றான். "ஆங்... ஆன்... ஏஏ..."

"பேசாதீங்க. தாடை அசையக்கூடாது."

பக்கத்தில் உதவியாளர் பெண் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷமாக டாக்டரிடம் வேலை. குழாய் பிடிப்பதிலும் தன் வாயைத் திறக்காமல் இருப்பதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை.

தண்ணீரை முடித்து தூசிக்குப் போனார், தூசியை முடித்து நெரிசலுக்குப் போனார். அவன் அவ்வப்போது கையைத் தூக்கி ஆங் ஏங் என்றான். டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். எழுந்து போகும்போது அவனுக்குத் தாடை இருக்கும் இடமே தெரியவில்லை. இரண்டு தடவையில் முடிய வேண்டிய ரூட் கேனல் வேலை அது. ஒரே நாளில் ஓர் ஊரை முழுதாகக் கெடுத்துச் சொல்ல முடியாது என்பதால் ஐந்து தடவை வரவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மாடிவீட்டுக்காரர் ஒரு தகவல் கொண்டுவந்தார். அந்தப் பையன் சாயங்காலம் தெருவில் மேலும் கீழுமாக இரண்டு நடை நடந்தான், வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான் என்று.

திட்டத் திட்ட இவன் வீடு தேட ஆரம்பித்துவிட்டானே. மருந்தின் வீரியம் போதவில்லை என்று டாக்டர் முடிவு செய்தார்.

இரண்டாம் தடவை திருடர்கள், நாய்கள், கொசு எல்லாம் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அதாவது நாங்கள். அடுத்தவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிகிறவர்கள் என்று எங்களைப் பற்றி அவர் சொன்னதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் மிகவும் வருத்தமாகிவிட்டது. கடைசியில் பள்ளிக்கூடங்களுக்கு வந்தார்.

"பிள்ளை வளர்க்கிற ஊரா இது? இங்க பள்ளிக்கூடம்னு பேரு வச்சு ஒண்ணு நடத்துறாங்க, போய்ப் பாருங்க."

முன்னறையில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று வந்தவர், ஆடும் பல்லோடு அப்படியே எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாளில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. இந்த ஊரில் குழந்தையை வளர்க்கத் தங்களுக்கு விருப்பமில்லை என்று தங்கள் வாயாலேயே அறிகிறோம். மகளுக்கு ஒதுக்கிய இடம் காத்திருப்போருக்கு அளிக்கப்படுகிறது. அதே வாரத்தில் எங்கள் தெருவில் பல்வலி அறவே நின்றுவிட்டது. டாக்டரும் உதவியாளரும் வெறும் நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினார்கள்.

டாக்டர் மாடிவீட்டுக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னார். தீவு, பதினோரு நாள், நாற்காலியில் பேசியது எல்லாவற்றையும். கேட்ட மனிதர் உருகிவிட்டார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் தெருவே சேர்ந்து ஊரைத் திட்டியிருக்குமே, தனியாக ஏன் கஷ்டப்பட்டீர்கள் என்று கேட்டார்.

மூன்றாம் தடவை முன்னறை நிறைந்து வழிந்தது. ஒருவருக்கும் பல்வலி இல்லை. மாடிவீட்டுக்காரர் உரத்த குரலில் தண்ணீரில் பாம்பு வந்ததைச் சொன்னார். தையல்கடைக்காரி தன் வீட்டில் ஒரே மாதத்தில் நான்கு முறை திருடு போனதாகச் சொன்னாள். அவ்வளவு எடுத்துப்போக அவள் வீட்டில் ஒன்றும் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். உள்ளே நாற்காலியில் கிடந்தவனுக்குத் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. பயந்துவிட்டான் என்று டாக்டர் மகிழ்ந்தார்.

சூட்டோடு சூடாக அடுத்த ஆயுதத்தை எடுத்தார். அதுதான் தீவு. வாழ்ந்தால் அங்கே வாழ வேண்டும் என்றார். கடல் காற்று, சத்தமில்லாத சாலை, வாசலிலிருந்தே தெரியும் அலை. இன்டர்நெட்டில் படம் பார்த்துத் தயாரித்து வைத்திருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தார். நாலாம் தடவையும் அதே பாட்டுத்தான். கல்யாணமாகாத இளம் விமானிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் பூமியிலேயே இல்லை என்று அவர் முடித்தபோது, உதவியாளரின் கையிலிருந்து ஆறு வருஷத்தில் முதல் முறையாகக் குழாய் நழுவி விழுந்தது. தன் பேச்சு கல்லையும் அசைக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்பு கேப்டன் வீட்டுக்கு வந்தாள். தெருமுனையிலேயே தையல்கடைக்காரி அவளை நிறுத்தி, கவலைப்படாதே, உன் போட்டிக்காரனை ஓட ஓட விரட்டிவிட்டோம் என்று சொல்லி வாழ்த்தினாள். கேப்டன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தடுப்புக்கு அது ஒரு பொருட்டல்ல.

"அவன் எனக்கு முன்னாடிங்க. ஒரு நாளோ பதினோரு நாளோ, முன்னாடின்னா முன்னாடிதான். அவனுக்குக் கிடைச்சா அது அவன் இடம்."

"ரெண்டு வருஷம்மா. பாப்பா..."

"எனக்கு மட்டும் தெரியாதா?" பிறகு குரல் தாழ்ந்து வந்தது. "வரிசையில முன்னாடி நிக்கிறவனைப் பேசி நகர்த்திட்டு நான் வீட்டுக்கு வந்தா, அந்தச் சட்டையைப் போட்டுக்கவே கூசும். கடைசித் தடவை வர்றப்ப உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க."

முதல் தேதி பதினொன்றரைக்குப் பதினோரு நாள் வந்தான். பல்லுக்கு உறை மாட்டும் நாள். கேப்டன் விமான நிலையத்துக்குப் போய்விட்டாள். நண்பகலில் வரும் முடிவை வீட்டில் உட்கார்ந்து பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

டாக்டர் உறையைப் பசையிட்டுப் பொருத்தி, பஞ்சை வைத்து, பத்து நிமிஷம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும், வாயைத் திறக்கவே கூடாது என்றார். பதில் பேச முடியாத ஆளிடம்தான் அவரால் மன்னிப்புக் கேட்க முடியும் போலிருந்தது.

"தம்பி, நான் சொன்னதெல்லாம் பொய். தண்ணி நல்ல தண்ணி. திருடன் கிடையாது. அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க கொஞ்சம் காது நீளம், ஆனா நல்லவங்க. என் பொண்டாட்டி வீட்டுக்கு வரணும்னு உங்களை ஏமாத்தப் பார்த்தேன். இடம் உங்களுடையது. சந்தோஷமா எடுத்துக்குங்க. வீடு வேணும்னா நானே தேடித் தர்றேன்."

பதினோரு நாள் பஞ்சைக் கடித்தபடி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். மன்னிக்க மாட்டேன் என்கிறான் என்று டாக்டர் புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் விமான நிலையத்தின் இரைச்சல். அதற்குள்ளிருந்து கேப்டனின் குரல்.

"கிடைச்சிருச்சுங்க."

"என்ன கிடைச்சுது?"

"நம்ம ஊர். சின்ன ஜெட். அவன் எழுதவே இல்லைங்க. பட்டியல்ல அவன் பேருக்கு நேரா இந்த ஊரே இல்லை." மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பதினோரு நாள் பஞ்சைத் துப்பினான்.

"இதைத்தான் டாக்டர் நான் முதல் நாள்லேருந்து சொல்றேன்."

"எப்ப சொன்னீங்க?"

"நீங்க தண்ணியைப் பத்திப் பேசிட்டிருந்தப்ப. அப்புறம் நாயைப் பத்திப் பேசறப்பவும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஊசி போட்டீங்க. தாடை சரியாகிறதுக்குள்ள எனக்கு விமானத்துக்கு நேரமாயிடும்."

பிறகு அவன் சொன்னதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லோரும் மூச்சு விடாமல் கேட்டோம். பயிற்சியில் முதல் தேர்வில் அவன் தோற்றுவிட்டான். இன்னொரு முறை தோற்றால் வேலை போய்விடும். அப்போது கேப்டன்தான் காகிதத்தில் அச்சடித்த விமானி அறைப் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி, சமையலறை நாற்காலிகள் இரண்டை அதன் முன்னால் போட்டு, எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று அவன் கைக்குப் பழக்கினாள். அவளுக்குக் கிடைத்த ஒன்பது நாள் விடுமுறையும் அதில் போயிற்று.

"அந்த ஒன்பது நாளும் உங்க பொண்ணுகிட்டேருந்து எடுத்தது டாக்டர். அம்மா எப்ப வருவேன்னு பாப்பா போன்ல அழுததை நான் பக்கத்து நாற்காலியில உக்காந்து கேட்டிருக்கேன். இங்க ஒரு இடம் காலியாகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே என் பட்டியல்லேருந்து இந்த ஊரை அழிச்சுட்டேன். அவங்ககிட்ட சொன்னா விட மாட்டாங்க, வரிசைன்னா அவங்களுக்கு உயிர். அதான் உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன். பல்லும் நிஜமாவே வலிச்சுது."

டாக்டர் கையுறையைக் கழற்ற மறந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆங் என்ற சத்தம்தான் வந்தது.

அன்று மாலை டாக்டர் வீடு வீடாக ஏறி நன்றி சொன்னார், சேர்த்து மன்னிப்பும் கேட்டார். எங்கள் தெருவுக்குப் பல்வலி திரும்ப வந்தது. தலைமையாசிரியை ஆடும் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வகுப்பில் கூடுதலாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். கேப்டன் ஆறு வாரத்தில் சின்ன ஜெட்டுக்கு மாறினாள். காலையில் போய் மாலையில் வருகிறாள். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது எதிர்ப்படுகிறவரிடமெல்லாம் நின்று பேசிவிட்டுத்தான் போகிறாள். பாம்பு வந்ததாகச் சொன்னவரிடம்கூட.

அவள் விட்ட தீவுத் தளம் அடுத்த பட்டியலுக்கு வந்தது. பதினோரு நாள் அதை முதல் கட்டத்தில் எழுதி, மற்ற கட்டங்களைக் காலியாக விட்டான். செய்தி கேட்டு டாக்டர் பதறிப்போய் போன் செய்தார். அங்கே காற்றைத் தவிர எதுவும் கிடையாது தம்பி, நான் சொன்னது படத்தில் பார்த்தது என்றார். தெரியும் டாக்டர், ஆனால் வரப்போகிறவளுக்கு நீங்கள் சொன்ன தீவு ரொம்பப் பிடித்துவிட்டது என்றான் அவன்.

ஆறு மாதத்தில் கல்யாணம். மணப்பெண் யாரென்று தெரிந்தபோது தெரு வெட்கப்பட்டது. இத்தனை காது இருந்தும் ஒரு காதில்கூட அது விழவில்லை. டாக்டரின் உதவியாளர்தான். முதல் நாள் சாயங்காலம் அவன் தெருவில் இரண்டு நடை நடந்தது வீடு பார்க்க அல்ல, அவள் வேலை முடிந்து வருவதைப் பார்க்கத்தான்.

தீவுக்குப் போகும் நாளில் சொல்லிக்கொண்டு போக அவள் கிளினிக்குக்கு வந்தாள். வாசலில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான் புது மாப்பிள்ளை. தன் பேச்சால் நல்ல உதவியாளரையும் இழந்துவிட்ட டாக்டர், அவளை வாழ்த்திவிட்டு, ஆறு வருஷமாகத் திறந்த வாய்களுக்குப் பக்கத்தில் நின்றவளிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு நாற்காலியில அவர் ஆங் ஏங்னு சொன்னாரே, உனக்காவது அது புரிஞ்சுதா?"

"முதல் நாளே புரிஞ்சுது டாக்டர்."

"அப்புறம் ஏன்மா என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா ரெண்டே தடவையில வேலையை முடிச்சு அவரை அனுப்பியிருப்பீங்களே, டாக்டர்."